விக்டோரியா காலத்துக் கவிஞர்களுக்கு யார் சோறு போட்டது?

போன மாதம் அண்ணன் மகள் லீவுக்கு வந்திருந்தாள். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். இந்த செமஸ்டரில் அவளுக்கு விக்டோரியா காலத்துக் கவிதை ஒரு பேப்பர். சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் புல்தரையில் உட்கார்ந்திருந்தோம். நோட்டை எடுத்து வாசித்தாள். டென்னிசன், பிரவுனிங், எலிசபெத் பாரெட் பிரவுனிங், மேத்யூ அர்னால்ட், கிறிஸ்டினா ரோஸெட்டி, ஹாப்கின்ஸ். பெயர், பிறந்த வருடம், முக்கியமான நூல்கள். நானும் முப்பது வருடத்துக்கு முன்னால் இதே பட்டியலை உருப்போட்டு மார்க் வாங்கியவன்தான். அதனால் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நடுவில் கேட்டாள்: "சித்தப்பா, விக்டோரியா நமக்கும்தானே ராணி? அப்போ நம்ம ஊர்ல கவிதை எழுதினவங்க யாரு?"

உடனே பதில் வரவில்லை. வள்ளலார், உ.வே.சா., வேதநாயகம் பிள்ளை என்று பெயர்கள் தெரியும். ஆனால் அவர்களை விக்டோரியா காலம் என்ற சட்டத்துக்குள் வைத்து நான் யோசித்ததே இல்லை. தலைக்குள் அது ஒரு அலமாரி, இது வேறொரு அலமாரி. வீட்டுக்கு வந்து இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன். அதிலிருந்து வந்த குறிப்புதான் இது.

முதலில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837 ஜூனில். அதற்கு ஒரு வருடம் முன்னால், 1836இல், இங்கிருந்து தெற்கே அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். ஆர்தர் காட்டனின் திட்டம். அந்த அணைக்குக் கல் வேண்டியிருந்தது. ராஜேந்திர சோழன் கட்டிய இந்தக் கோயிலின் மதில் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை என்று 1855இல் வந்த ஒரு வெளியீடு வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது. அதே கீழணைத் தண்ணீரில்தான் இன்றைக்கும் வீராணம் நிறைகிறது, கீழே பல ஆயிரம் ஏக்கர் விளைகிறது. இரண்டும் உண்மை. விக்டோரியா காலம் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் ஆரம்பித்தது.

இனி கவிஞர்களுக்கு வருவோம். பெயர்களை மட்டும் அடுக்கினால் பட்டியல் இன்னும் நீளும், அவ்வளவுதான். அதனால் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். இவர்களுக்கு யார் சோறு போட்டது?

இங்கிலாந்துப் பக்கம் முதலில். ஆல்ஃப்ரட் டென்னிசன் (1809–1892) பாதிரியார் மகன். 1833இல் அவருடைய உயிர் நண்பர் ஆர்தர் ஹாலம் திடீரென்று இறந்துபோனார். அந்தத் துக்கத்தைப் பதினேழு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடலாக்கினார். 1850இல் 'இன் மெமோரியம்' வந்தது. அதே வருடம் வேர்ட்ஸ்வொர்த் இறந்த இடத்துக்கு அரசவைக் கவிஞராகவும் ஆனார். அதற்கு முன்பே, 1845 முதல், வருடத்துக்கு 200 பவுண்டு அரசாங்க உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. அப்புறம் புத்தகங்கள் விற்ற விற்பனையில் வீடு, நிலம், கடைசியில் பிரபுப் பட்டம். 1861இல் கணவர் இறந்தபோது ராணிக்கே அந்த இரங்கல் நூல்தான் ஆறுதல். கவிதை எழுதியே செல்வந்தர் ஆனவர் அவர்.

ராபர்ட் பிரவுனிங் (1812–1889) கதை வேறு. ரொம்ப நாள் யாரும் அவரை வாங்கிப் படிக்கவில்லை. அந்தக் காலத்தில் அவரைவிட அவர் மனைவி எலிசபெத்துக்குத்தான் பேர். 1846இல் இருவரும் அப்பாவுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு இத்தாலிக்குப் போய்விட்டார்கள். எலிசபெத்தின் காதல் கவிதைகள் 1850இல் வந்தன. அதற்கு முன்பே, 1843இல், சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்த குழந்தைகளுக்காக அவர் எழுதிய கவிதை இங்கிலாந்தை உலுக்கியது. ஆனால் அவர் குடும்பத்துச் சொத்து ஜமைக்கா கரும்புத் தோட்டத்து அடிமைகளின் உழைப்பில் வந்தது. அது அவருக்கே உறுத்தலாக இருந்தது. பிரவுனிங்குக்குப் பெரிய பேர் வந்தது மனைவி போன பிறகு, ஒரு பழைய ரோமாபுரிக் கொலை வழக்கைப் பல பேர் வாய்வழியாகச் சொல்லும் 'த ரிங் அண்ட் த புக்' (1868–69) வழியாக.

மேத்யூ அர்னால்ட் அரசாங்கச் சம்பளக்காரர். 1851இல் பள்ளி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து முப்பத்தைந்து வருடம் ஊர் ஊராக அலைந்தார். கவிதைக்குக் கிடைத்தது மிச்ச நேரம். கிறிஸ்டினா ரோஸெட்டி வீட்டாரோடு எளிமையாக வாழ்ந்தவர். 'காப்ளின் மார்க்கெட்' 1862இல் வந்தது. ஹாப்கின்ஸ் சேசு சபைத் துறவி, சோறு சபை போட்டது. உயிரோடிருந்தபோது அவர் புத்தகம் எதுவும் வரவில்லை. 1889இல் இறந்தார். கையெழுத்துப் பிரதிகளைப் பத்திரமாக வைத்திருந்த நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் 1918இல்தான் அச்சிட்டார்.

இப்போ நம்ம பக்கம் வாங்க.

கங்கைகொண்ட சோழபுரம் அன்றைக்கு உடையார்பாளையம் பகுதி. அந்த ஜமீனில் வித்துவான்களுக்கு மரியாதை உண்டு. கனம் கிருஷ்ணையர் அங்கே இருந்த பெரிய பாடகர், பதங்கள் இயற்றியவர். அவரிடம் பாட்டுக் கற்றவர் வேங்கடசுப்பையர். இவருடைய பிள்ளைதான் 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர்.

வேங்கடசுப்பையருக்கு நிலையான வருமானம் இல்லை. ஊர் ஊராகப் போய் ராமாயணக் கதை சொல்லுவார். நெல்லோ பணமோ ஊரார் கொடுப்பது. எங்கே ஆதரவு இருக்கிறதோ அங்கே குடும்பம் குடிபோகும். அந்த அலைச்சலின் வழியைப் பாருங்கள். அரியலூரில் சடகோபையங்கார் பையனுக்குத் தமிழ்ச் சுவையைக் காட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை திருவிளையாடற் புராணம் சொல்லிக்கொடுத்தார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பிலக்கணம் கற்பித்தார். மூன்றும் இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள். குன்னம் வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன்! டென்னிசனின் நண்பர் பெயர் தெரிந்த எனக்கு, அந்த ஊரில் யார் யாருக்குப் பாடம் சொன்னார் என்று தெரியாது.

பையன் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது மாயூரத்தில், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876). புகழை வைத்துப் பார்த்தால் டென்னிசனுக்கு நம்ம பக்கத்து இணை இவர்தான். தலபுராணம், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஆயிரக்கணக்கான செய்யுள்கள். இவர் சொல்லச் சொல்ல மாணவர் ஓலையில் எழுதுவார், எழுத்தாணி பின்தங்கிவிடும் என்பார்கள். சோறு போட்டது திருவாவடுதுறை ஆதீனமும், புராணம் பாடச் சொன்ன ஊர்களும், சில பிரபுக்களும். தனக்குக் கிடைத்ததை மாணவர்களுக்குப் போட்டார். சைவரான இவரிடம் கிறிஸ்தவரான சவரிராயலு நாயகரும் படித்தார், நாகூர் குலாம் காதிறு நாவலரும் படித்தார். டென்னிசன் பிரபுவாகிச் செத்தார்; பிள்ளை செத்தபோது வீட்டில் கடன்தான் இருந்தது. அவர் பாடிய தலபுராணங்களை இன்றைக்கு அந்தந்த ஊரில்கூடப் படிக்கிறவர்கள் அபூர்வம்.

அதே மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார். கல்யாணம் இல்லை, சொத்து இல்லை. 1860களின் தொடக்கத்தில் அச்சான அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நந்தனாரின் ஆண்டை ஒரு அந்தணர். பெரியபுராணத்தில் இல்லாத அந்தப் பாத்திரத்தைப் பாரதியார்தான் உண்டாக்கினார். சிறப்புப் பாயிரம் கேட்டுப் போனபோது மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கணப் பிழைகளைப் பார்த்து ரொம்ப நாள் தட்டிக் கழித்தார். ஒருநாள் பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து உருகிப் பாட, அதைக் கேட்டு மனசு இளகிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது ஆளும் மாயூரம்தான். வேதநாயகம் பிள்ளை (1826–1889), ராணியின் நீதிமன்றத்தில் முன்சீப். மேத்யூ அர்னால்டு மாதிரி, பகலில் அரசாங்க உத்தியோகம், மிச்ச நேரத்தில் பாட்டு. 'நீதிநூல்' 1859. 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879. எல்லா மதத்தாரும் பாடலாம் என்று எழுதிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் இவருடையவை.

வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி வருகிறது:

1859 – லண்டனில் ஃபிட்ஸ்ஜெரால்டின் உமர் கய்யாம். இங்கே வேதநாயகம் பிள்ளையின் நீதிநூல்.

1867 – அர்னால்டின் 'டோவர் பீச்' புத்தகத்தில் வருகிறது. இங்கே வள்ளலாரின் திருவருட்பா முதன்முதலாக அச்சாகிறது.

1889 – பிரவுனிங், ஹாப்கின்ஸ், வேதநாயகம் பிள்ளை மூவரும் இறக்கிறார்கள். உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவருகிறார்.

இதில் 1867ஐப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 'டோவர் பீச்' என்ன சொல்கிறது? கடல் பின்வாங்குகிற மாதிரி உலகத்தை விட்டு நம்பிக்கை வடிந்துபோகிறது என்கிற ஏக்கம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் பெரிய மனக்கவலை அது. அறிவியல் வந்து வேதத்தை அசைத்துவிட்டது, இனி எதைப் பிடித்துக்கொள்வது? அதே வருடம் மே 23ஆம் தேதி, எங்கள் ஊருக்கு வடகிழக்கே வடலூரில், வள்ளலார் சத்திய தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். பழைய நம்பிக்கைகள் மீது அவருக்கும் கேள்விகள் இருந்தன. சாதி, சமயம், சடங்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உதறிக்கொண்டே போனவர் அவர். ஆனால் அவருடைய பதில் சோற்றில் போய் நின்றது. பசித்தவனுக்குப் போடு, மற்றதெல்லாம் அப்புறம். 'யார் சோறு போட்டது' என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் எல்லோருக்கும் சோறு போட்ட கவிஞர். அந்த அடுப்பு இன்னும் எரிகிறது.

இனி சொல்லப்போவது பாடப்புத்தகத்தில் எனக்கு யாரும் சொல்லாதது.

விக்டோரியா காலத்துக் கவிஞர் ஒருவர் நம்மை ஆண்டிருக்கிறார். ஓவன் மெரிடித் என்ற புனைபெயரில் எழுதியவர். 1860இல் வந்த 'லூசில்' என்ற செய்யுள் கதைக்கு அக்காலத்தில் நல்ல வரவேற்பு. இயற்பெயர் ராபர்ட் லிட்டன். 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸ்ராய். அந்த நேரத்தில்தான் தென்னிந்தியாவில் தாது வருஷப் பஞ்சம், 1876–78. 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் பெரிய தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியச் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். சென்னை மாகாணத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நிவாரணச் செலவைக் குறைக்கச் சொல்லி லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், வேலைக்கு வரும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் நம்ம கணக்கில் அரைக் கிலோகூட இல்லை. நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆளுக்கு! மருத்துவர்களே எதிர்த்தார்கள். இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு.

அப்போது மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை முன்சீப் வேலையிலிருந்து ஏற்கெனவே விலகியிருந்தார். கையில் இருந்ததை எடுத்துப் பஞ்சத்தில் வாடியவர்களுக்குச் செலவழித்தார், பஞ்சத்தைப் பற்றிக் கீர்த்தனைகளும் பாடினார். அதைப் பார்த்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்தே ஒரு கீர்த்தனை பாடினார். ஒரே ராணி, ஒரே பஞ்சம், இரண்டு கவிஞர்கள். ஒருவர் கையில் ராஜ்யமே இருந்தது. இன்னொருவர் கையில் சொந்தச் சேமிப்பு.

லிட்டனைத் திட்டி முடித்துக்கொள்ள நினைத்தால் வரலாறு விடுவதில்லை. இந்த லிட்டனின் அப்பா எட்வர்ட் புல்வர் லிட்டன், 1866இல் 'த லாஸ்ட் டேல்ஸ் ஆஃப் மிலேட்டஸ்' என்ற நூலை எழுதினார். அதில் 'த சீக்ரெட் வே' என்று ஒரு கதை. அதைப் படித்து, அதன் கருவை எடுத்து, முழுக்கத் தமிழ் மண்ணில் நட்டவர் திருவனந்தபுரத்துத் தத்துவப் பேராசிரியர் பெ.சுந்தரம் பிள்ளை. உ.வே.சா. பிறந்த அதே 1855இல் பிறந்தவர். 1891இல் 'மனோன்மணீயம்' வந்தது. நம்ம பள்ளிக்கூடங்களில் காலையில் பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்தின் முகப்பில் இருப்பதுதான். அப்பா எழுதிய கதை வழியாக ஒரு நாடகம் வந்தது. மகனுடைய ஆட்சி வழியாக வந்தது அரைவயிற்றுக் கூலி. பின்னால் எட்வின் அர்னால்டின் 'த லைட் ஆஃப் ஏசியா' (1879) கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கையில் 'ஆசிய ஜோதி' ஆனது. இறக்குமதி என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது.

கடைசியாக உ.வே.சா. ஊர் ஊராக அலைந்த அந்தப் பையனுக்கு 1880இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. மாதம் ஐம்பது ரூபாய். அதே வருடம் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்ட கேள்வி அவர் வாழ்க்கையையே திருப்பியது. 1887இல், ராணிக்கு ஐம்பதாண்டு விழா எடுத்த அதே வருடத்தில், சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ஹாப்கின்ஸுக்குப் பிரிட்ஜஸ் செய்ததை இவர் இரண்டாயிரம் வருடத்துப் புலவர்களுக்குச் செய்தார் என்று சொல்லலாம்.

இதில் நான் கவனித்தது இதுதான். அப்பாவுக்குச் சோறு போட்டது ஜமீனும் ஊராரும். குருவுக்கு மடம். மகனுக்கு அரசாங்கச் சம்பளமும் அச்சுப் புத்தகமும். மூன்று ஆளுக்குள் ஒரு யுகமே மாறிவிட்டது. ஜமீனையும் மடத்தையும் நம்பி எழுதிய பாட்டுகள், அவை தளர்ந்தபோது கேட்பாரில்லாமல் போயின. புத்தகம் வாங்குகிறவனை நம்பி எழுதிய டென்னிசன் கப்பலேறி எங்கள் ஊர் சிலபஸ் வரைக்கும் வந்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாயூரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி இங்கே வரவில்லை. யார் பெரிய கவிஞர் என்ற தீர்ப்பை இதிலிருந்து எடுக்க முடியாது. யாருடைய பாட்டைச் சுமக்க ஆள் இருந்தது என்பது மட்டும் தெரிகிறது.

கோயில் கல் மாதிரிதான் இதுவும். கொஞ்சம் அணைக்கரையில் இருக்கிறது, கொஞ்சம் இங்கே. எது எங்கிருந்து போனது என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் நம்மால் முடிந்தது.

இதையெல்லாம் போனில் அண்ணன் மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரீட்சைல இதை எழுதினா மார்க் போடுவாங்களா சித்தப்பா?" என்றாள். போட மாட்டாங்கம்மா, டென்னிசனையே எழுது, நல்ல கவிஞர்தான் என்றேன். ஆனால் அடுத்த லீவுக்கு வரும்போது குன்னம், செங்கணம் பக்கம் ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று முடிவாகியிருக்கிறது. அப்படியே வடலூருக்கும். சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்ப வேண்டும்.